கவிழ்த்த சிரட்டை

கொன்றையடி மடத்தின் பின்புறத்தில் ஓர் அவரைப் பந்தல் இருந்தது. அதைத் தாங்கி நின்ற மூங்கில் கழிகள் பந்தலுக்காக வெட்டியவை அல்ல. ஒவ்வொன்றின் நுனியும் கூராகச் சீவியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். நாங்கள் காய் பறித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

இப்போது மடமும் இல்லை, பந்தலும் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியபோது இரண்டும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. இனிமேல் சொன்னால் தப்பில்லை.

எங்கள் மடத்தில் சேருகிறவர்களுக்குத் தீட்சை என்று ஒன்றும் கிடையாது. ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கையில் கொடுப்பார்கள். ஆற்று மணலைப் போட்டுத் தேய்த்து, உள்ளும் புறமும் வழவழப்பாக்கிக்கொள்ள வேண்டும். அதுதான் அவருடைய சாப்பாட்டுப் பாத்திரம். சாகும்வரை அதுவேதான். தேய்ப்பதைப் பார்த்தே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்று பழையவர்கள் பீற்றிக்கொள்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தெரிந்ததில்லை.

பந்திக்கு ஒரு முறை இருந்தது. அகப்பை தினம் ஒருவர் கையில் இருக்கும். பரிமாறுகிறவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். யாருக்காவது மனக்குறை இருந்தால் தன் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கலாம். அகப்பை அந்த இடத்தில் நின்றுவிடும். கவிழ்த்தவர் சொல்லி முடிக்கும்வரை பந்தியில் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

நல்ல காலத்தில் மாதத்துக்கு ஒரு சிரட்டை கவிழ்ந்தால் அதிகம். ஒருமுறை ஒரு சின்னப் பெண், தனக்கு வந்த அப்பளம் உடைந்திருந்தது என்று கவிழ்த்தாள். பந்தி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உடையாத அப்பளம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. இன்னொருமுறை, பரிமாறியவர் பாடிக்கொண்டே பரிமாறுகிறார் என்று கவிழ்த்தார்கள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாட்டை நிறுத்தினார். பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது.

குருவின் பெயர் தையல்நாயகி. நாங்கள் அம்மை என்போம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மடத்துக்கு வருமுன் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். ஞானம் வேண்டும் என்று வந்து நிற்கிறவர்களிடம், "அவசரப்படாதீங்க, நேரம் வந்தா தானா வரும்" என்பார். பழைய தொழிலின் பேச்சு விடவில்லை.

அவருடைய சீடர்களில் வயதானவர் மாசிலாமணி. அறுபதைத் தாண்டியவர். மலைக்கு அந்தப் பக்கத்து நாட்டில் சட்டசபை உறுப்பினராக இருந்தவர். அங்கே யுத்தம் மூண்டபோது கணவாய் வழியாக ஒரு குடையோடும் ஒரு சால்வையோடும் இறங்கி வந்தார். குருவைவிடச் சீடர் மூத்தவர் என்பதில் இருவருக்குமே சங்கடம் இல்லை. அவர் "அம்மா" என்பார். அம்மை அவரை "ஐயா" என்பார்.

சாயங்காலம் கீரை ஆயும்போது மாசிலாமணி தன் தலைநகரத்தைப் பற்றிப் பேசுவார். அதைக் கேட்பதற்காகவே நாங்கள் கீரையை மெதுவாக ஆய்வோம்.

"எங்க தெருவுல நாகலிங்கம்னு ஒருத்தர் சவரக்கடை வெச்சிருந்தார். பிரதமர் யாரோ அவர் படத்தைக் கடையில மாட்டுவார். மரியாதைக்கு. நோட்டுக்கு மதிப்பு போச்சு பாருங்க, அந்த வருஷம் ஆட்சி நிக்கவே இல்லை. இன்னைக்கு ஒருத்தர், அடுத்த மாசம் வேற ஒருத்தர். நாகலிங்கம் படம் மாத்தி மாத்திச் சலிச்சுப்போய், வெறும் கண்ணாடிச் சட்டத்தை மட்டும் மாட்டிட்டார். 'யாரு வர்றாங்களோ அவங்களை நீங்களே உள்ள வெச்சுப் பாத்துக்குங்க'ன்னார்."

நாங்கள் சிரிப்போம்.

"கடலைக்காரன் ரூபாய் நோட்டுல பொட்டலம் மடிச்சான். 'காகிதம் விலை ஜாஸ்திங்க'ன்னான். அதையும் வாங்கித் தின்னுகிட்டேதான் நடந்தோம். பூங்காவுல பேண்டு வாசிப்பாங்க. சபையில ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி பேசிட்டு, சாயங்காலம் ஒரே பெஞ்சில உக்காந்து சுண்டல் சாப்பிடுவோம். அதெல்லாம் ஒரு காலம்."

அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பூங்காவை விட்டு அவர் வந்ததாகவே தெரியாது.

சபையில் பொன்னுரங்கம் என்று ஒரு கிழவர் இருந்தாராம். எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்பவர். அதுவும் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து எழுந்து நிற்பவர். அவர் கதையை மாசிலாமணி அடிக்கடி சொல்வார்.

"கடைசியா ஒருத்தர் வந்தார். எல்லா அதிகாரத்தையும் நெருக்கடி தீர்ற வரைக்கும் என்கிட்ட குடுங்கன்னார். அதுக்கு ஓட்டு எடுக்கிற நாள். வெளியே புளியோதரை வாசம் வருது. பொன்னுரங்கம் எழுந்துட்டார். எல்லாருக்கும் பசி. நான்தான் பக்கத்துல. அவர் சால்வையைப் பிடிச்சு இழுத்து, 'நாளைக்குக் கேட்டுக்கலாம், உக்காருங்க பெரியவரே'ன்னேன். சபையே சிரிச்சுது. அவரும் சிரிச்சுட்டு உக்காந்துட்டார்."

"மறுநாள்?" என்று யாராவது கேட்பார்கள்.

"மறுநாள் சபை இல்லை. அப்புறம் எப்பவுமே இல்லை."

கதை அத்துடன் முடியும். முதலில் சிரித்தவர்கள் கீரைக் கட்டை அவிழ்க்க ஆரம்பிப்பார்கள்.

எல்லா அதிகாரத்தையும் கேட்ட அந்த ஆள் வந்த வாரம் கடைகளில் ரொட்டி வந்ததாம். சூடாக வந்ததாம். ஜனங்கள் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். நாகலிங்கத்தின் சட்டத்துக்குள்ளும் ஒரு படம் வந்தது. அதைக் கழற்ற யாருக்கும் துணிவு இல்லை. பிறகு ரொட்டி மறுபடியும் குறைந்தது. எல்லைக்கு அப்பால் இருக்கிறவர்கள் கோதுமையைப் பதுக்குகிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். மாசிலாமணியின் ஒரே மகன் முதல் படையிலேயே போனான்.

"சந்தோஷமாப் போனான்மா" என்றார் ஒருநாள் அம்மையிடம். "அதைத்தான் என்னால தாங்க முடியலை. பாடிக்கிட்டே போனான்."

மகன் திரும்பவில்லை.

அவரிடம் இருந்தது ஒரே கேள்வி. வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாங்க கெட்டவங்க இல்லைம்மா. என் ஊர் ஜனங்களை எனக்குத் தெரியும். எப்படி இப்படி ஆச்சு?"

அம்மை ஒவ்வொருமுறையும் அதே பதிலைச் சொன்னார்.

"உங்களுக்கு இன்னும் பசிக்கலை ஐயா. பசிக்கட்டும், சொல்றேன்."

மாசிலாமணிக்கு அது வருத்தம். எங்களுக்கும் கொஞ்சம் கோபம். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இப்படியா பேசுவது என்று முணுமுணுத்தோம்.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த பருவமும் பொய்த்தது. ஆறு வற்றி, நடுவில் மணல் தெரிந்தது. கணவாய் வழியாக அகதிகள் இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். மடத்துக்கு வந்த காணிக்கை நோட்டுகளைக் கொண்டுபோனால் சந்தையில் யாரும் வாங்கவில்லை. சோறு கஞ்சியானது. கஞ்சி நீர்த்துப்போனது. அக்கரைக் கிராமத்தார் எப்போதும் மாதம் ஒரு மூட்டை தினை அனுப்புவார்கள். அது ஒன்றுதான் தப்பாமல் வந்தது.

பசி வந்ததும் பந்தி மாறியது. தினம் சிரட்டைகள் கவிழ்ந்தன. "அவனுக்கு அடிக்கஞ்சி, எனக்கு வெறும் தண்ணி." "மலைக்காரங்க மலைக்காரங்களுக்குத்தான் ஊத்துறாங்க." "நேத்து பரிமாறினவன் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கான்." ஒருவர் பேசி முடிக்குமுன் இன்னொருவர் கவிழ்ப்பார். கஞ்சி ஆறும். பிள்ளைகள் அழும். பொய் சொன்னவர்களும் உண்டு. நிஜமான குறையோடு கவிழ்த்தவர்களும் உண்டு. கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே படத் தொடங்கியது.

ஒருநாள் மதியம் கைகலப்பே வந்துவிட்டது. யாரோ யாரையோ தள்ள, பெரிய பானை சாய்ந்து உடைந்தது. அன்றைய கஞ்சி முழுவதையும் மண் குடித்தது. செங்கமலம் என்று ஓர் அகதிப் பெண், ஈர மண்ணைப் பார்த்தபடி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். அழக்கூட இல்லை.

மறுநாள் காலை அவள்தான் முதலில் மாசிலாமணியிடம் வந்தாள். பின்னால் ஒரு கூட்டமே வந்தது.

"ஐயா, நீங்களே அகப்பையை எடுத்துக்குங்க. தினம் ஒருத்தர் வேணாம். நீங்க நியாயமானவர். உங்க கையில இருந்தா என் பிள்ளைக்குச் சூடா ஒரு வாய் கிடைக்கும்."

"சிரட்டை கவிழ்க்கிறதையும் நிறுத்துங்க" என்றார் இன்னொருவர். "மழை வர்ற வரைக்கும் மட்டும்."

மாசிலாமணி நல்லவர். குழந்தையைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. நேராக அம்மையிடம் போனார்.

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அகப்பையைக் கொஞ்ச நாள் நானே வெச்சுக்கவா?"

"எவ்வளவு நாள்?"

"மழை வர்ற வரைக்கும்."

"மழை எப்ப வரும்?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சிரட்டை கவிழ்ந்தா நிப்பீங்களா?"

"நின்னு நின்னுதான் நேத்து பானை உடைஞ்சுது."

"எல்லாரும் சம்மதிச்சுட்டாங்களா?"

"எல்லாரும் கையைத் தூக்கினாங்கம்மா. ஒருத்தர் பாக்கி இல்லை."

அம்மை கீரைத் தட்டை ஒதுக்கிவிட்டு உள்ளே போய் அகப்பையை எடுத்துவந்தார். பழைய தேக்கு அகப்பை. பல கைகள் பிடித்துப் பிடித்துக் காம்பு கறுத்திருந்தது.

"கனக்குதா ஐயா?"

"இல்லம்மா."

"கனத்தா சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார்.

அன்று கஞ்சி சூடாக வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அது அமிர்தமாக இருந்தது. சண்டை இல்லை. கூச்சல் இல்லை. மாசிலாமணி ஒவ்வொரு சிரட்டைக்கும் குனிந்து, அளவு பார்த்து ஊற்றினார். பானையைக் கலக்கிவிட்டு ஊற்றினார். கடைசியில் தனக்கென்று எடுத்துக்கொண்டது எல்லோரையும்விடக் குறைவு. செங்கமலம் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாங்கள் ஏன் இதை முன்பே செய்யவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் வரிசையை ஒழுங்குபடுத்த ஆள் தேவைப்பட்டது. வீரபாகு என்ற வாட்டசாட்டமான ஆள் தன் கூட்டாளிகளோடு முன்வந்தான். மலைக்கு அப்பால் சுமைதூக்கும் வேலை பார்த்தவன். கெட்டவன் இல்லை. வெயிலில் நாள் முழுக்க நிற்கிறார்களே என்று அவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றும்படி ஆயிற்று. அவர்கள் முதலில் சாப்பிடும்படியும் ஆயிற்று. அதில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

அம்மை பந்தியில் எப்போதும் போல நடுவரிசையில் உட்காருவார்.

"கனக்குதா ஐயா?"

"பழகிருச்சும்மா. இப்ப இருக்கிறதே தெரியலை."

கூடுதல் கரண்டி எங்கிருந்து வரும்? கடைசி வரிசைக்குப் பானையில் தண்ணீர் சேர்ந்தது. ஒருநாள் செங்கமலம் தன் சிரட்டையைக் கவிழ்த்தாள். பழைய பழக்கம். வீரபாகு குனிந்து, அதை எடுத்து நிமிர்த்தி வைத்தான். மரியாதையாகத்தான் வைத்தான்.

"அக்கா, அது இப்ப இல்லை."

"என் பிள்ளைக்கு..."

"ஐயாவுக்கு ஆயிரம் கவலை. நீ வேற."

மறுநாள் அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். மாசிலாமணி அதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். பானை ஆறிக்கொண்டிருந்தது. நகர்ந்துவிட்டார்.

அந்த மாதம் அக்கரையிலிருந்து அரை மூட்டைதான் வந்தது. ஒரு பெண் தலையில் சுமந்துகொண்டு மணலைக் கடந்து வந்தாள்.

"எங்களுக்கும் மழை இல்லைங்க. இதுதான் முடிஞ்சுது. மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லி இறக்கிவைத்துவிட்டுப் போனாள்.

வீரபாகு அந்த மூட்டையைக் காலால் அசைத்துப் பார்த்தான்.

"அரை மூட்டை குடுக்கிறவங்க வீட்ல முழு மூட்டை இருக்கும்."

அவன் சும்மாதான் சொன்னான். மாலைக்குள் அது மடம் முழுக்கப் பரவிவிட்டது. இருட்டுமுன் அக்கரையில் பத்தாயமே நிறைந்திருப்பதாகப் பேச்சு. பார்த்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பசிக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. அதற்கு அப்புறம் பந்தியில் முணுமுணுப்புக்கூட இல்லை. மலை தாண்டி வந்த மலைக்காரர்களும் இந்தப் பக்கத்து ஆற்றுக்காரர்களும் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். அந்த ஒற்றுமையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பது இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

ஆண்கள் மூங்கில் தோப்புக்குப் போனார்கள். கழிகள் வந்தன. நுனி சீவினார்கள்.

மாசிலாமணி தயங்கினார். அதையும் சொல்ல வேண்டும்.

"யாரையும் அடிக்கக் கூடாது" என்றார். "கேட்டு வாங்கணும்."

"கேட்டுக் குடுக்கலைன்னா?" என்றான் வீரபாகு.

அவர் கீழே கிடந்த மூங்கில் சீவல்களைக் காலால் ஓரம் தள்ளினார்.

"கழி எதுக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"சும்மா கையில இருக்கட்டும்" என்றார் மாசிலாமணி.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் புறப்படுவதென்று முடிவாயிற்று. மணல் சுடாத நேரத்தில் போகலாமே என்றால், இல்லை, மதியத்தில்தான் அக்கரை ஆண்கள் மேய்ச்சலுக்குப் போயிருப்பார்கள் என்றான் வீரபாகு. அப்படியானால் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புறப்படும் நாள் பந்தியில் ஒரு கல்யாணக் களை இருந்தது. கழிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். புறப்படப்போகிற ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பாடினார்கள். நடவுப் பாட்டுதான். தாளம் மட்டும் வேறாக இருந்தது. பந்தியில் பாடக் கூடாது என்று அன்றைக்கு யாரும் சிரட்டையைக் கவிழ்க்கவில்லை.

மாசிலாமணி பரிமாறிக்கொண்டு வந்தார். அந்தப் பாட்டு காதில் விழுந்தபோது அவர் ஒரே சிரட்டையில் இரண்டு முறை ஊற்றியதை நான் கண்டேன். பிறகு சமாளித்துக்கொண்டார்.

முன்வரிசை முடிந்தது. நடுவரிசை வந்தது. அம்மையின் முன்னால் வந்து குனிந்தார்.

அம்மையின் சிரட்டை கவிழ்ந்திருந்தது.

பாட்டு நின்றது. மடத்தில் அத்தனை வருஷத்தில் அம்மை ஒருமுறைகூடச் சிரட்டையைக் கவிழ்த்ததில்லை. அகப்பையின் நுனியிலிருந்து கஞ்சி ஒரு சொட்டு மண்ணில் விழுந்தது.

வீரபாகு எழுந்து வந்தான். குனிந்து சிரட்டையைத் தொடப் போனவன் அம்மையின் முகத்தைப் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டான்.

"அம்மா, அது இப்ப வழக்கத்துல இல்லைங்க" என்றான். குரல் இறங்கியிருந்தது.

அம்மை அவனைப் பார்த்துத் தலையசைத்தார். சிரட்டையை நிமிர்த்தவில்லை.

மாசிலாமணி முன்வரிசையைப் பார்த்தார். சுவரோரத்தைப் பார்த்தார். சூரியன் உச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பசி. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் அம்மையின் பக்கம் குனிந்து, மிகவும் அன்பாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நாளைக்குக் கேட்டுக்கலாம்மா."

சொல்லிவிட்டு அடுத்த சிரட்டைக்கு நகர்ந்தார். அகப்பையைச் சாய்த்தார். பாதியில் கை நின்றது.

அவர் காதில் அவர் குரலே விழுந்திருக்க வேண்டும்.

நாங்கள் எல்லோரும் அந்த வார்த்தையை எத்தனையோ சாயங்காலம் கேட்டிருக்கிறோம். கேட்டுச் சிரித்திருக்கிறோம். இன்றைக்கு ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

மாசிலாமணி அப்படியே நின்றார். அவர் முதுகைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. அது மெல்லக் கூனியது. பிறகு திரும்பி வந்தார். அம்மையின் முன்னால், மண்ணில், கால் மடக்கி உட்கார்ந்தார். அகப்பையைப் பானைக்குள் வைக்க மறந்து மடியில் வைத்துக்கொண்டார். வேட்டியெல்லாம் கஞ்சி.

"கனக்குதும்மா" என்றார்.

"ம்."

"என் பையனும் இப்படித்தான் பாடினான்."

அம்மை கை நீட்டி அவர் மடியிலிருந்த அகப்பையை எடுத்து, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கவிழ்ந்திருந்த சிரட்டையைக் காட்டிக் கேட்டார். முறைப்படி, பரிமாறுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி.

"என்ன குறைம்மா? சொல்லுங்க. நிக்கிறேன்."

"எனக்கு ஒரு குறையும் இல்லை ஐயா" என்றார் அம்மை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுல இருக்கு."

"கேளுங்கம்மா."

"உங்க பொன்னுரங்கம் அன்னைக்கு எழுந்து நின்னாரே. என்ன சொல்ல வந்தார்?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். திறந்தபடியே யோசித்தார். எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார், யாருக்காவது தெரியுமா என்பதுபோல. அந்தக் கதையில் புளியோதரை வாசம் எங்களுக்குத் தெரியும். சால்வையின் நிறம் தெரியும். சபை சிரித்த சிரிப்பு தெரியும்.

அவர் மெல்ல வாயை மூடிக்கொண்டார்.

பானையில் கஞ்சி ஏடு கட்டிக்கொண்டிருந்தது. பந்தியில் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. கடைசி வரிசையில் செங்கமலம் தன் சிரட்டையைக் கையில் எடுத்து, ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு, மண்ணில் கவிழ்த்து வைத்தாள்.